தண்ணி காட்டுற ஆள்

அந்தப் பைய மடியிலேயே வச்சுக்கங்க சார். கீழ வச்சா முன்னாடி வரைக்கும் உருண்டு போயிரும், இந்த டிரைவர் பள்ளம் மேடு பாக்க மாட்டான். நானும் மடியிலதான வச்சிருக்கேன். பெருசா ஒண்ணுமில்ல, பத்திரிகையும் வெத்தல பாக்கும்தான். மக கல்யாணம். அண்ணன் வீட்டுக்குப் போறேன், கருப்பாயூரணியில எறங்கணும்.

நீங்க என் வயசுதான் இருப்பீங்க, உங்களப் போயி சார் சார்னு கூப்புடுறேன்னு நெனைக்காதீங்க. வாட்ச்மேன் வேலை. கேட்டுல நிக்கிறவனுக்கு வாயத் தொறந்தா அதுதான் வருது. ஒருநா அசந்து போயி என் வீட்டுக்காரியவே சார்னுட்டேன். முன்னயா இருந்தா பஞ்சவர்ணம் அத ஊரு பூராம் சொல்லிச் சிரிச்சிருப்பா. அன்னைக்குச் சிரிக்கல. சோத்த வச்சிட்டுப் போயிட்டா.

எங்க வகையறாவுல பந்தக்கால் ஊண்டுறது மூத்தவருதான். பொண்ணுக்குத் தாத்தா, அவரு இல்லைன்னா பெரியப்பா. எங்கப்பா போயிச் சேந்துட்டாரு, அப்ப என் மகளுக்கு யாரு? அவ பெரியப்பன், என் அண்ணன் அடைக்கலம். அண்ணன் உசுரோட இருக்கையில தம்பிக்காரன் காலு ஊண்டுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. மாப்பிள வீட்டுல மொதல்லயே கேட்டுட்டாங்க, என்ன, பொண்ணுக்குப் பெரியப்பா வரலியான்னு. வருவாருன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்களும் தலைய ஆட்டிட்டுப் போயிருக்காங்க. வரலைன்னு வைங்க, அப்புறம் அவங்க வாய என்னால மூட முடியாது. என் மக நாகஜோதி வெளிய ஒண்ணும் காட்டிக்கல. ஆனா அவ மொத கேட்டதே பெரியப்பாவத்தான். சின்னப் புள்ளையில அவரு தோள்ள உக்காந்து மாடு பாத்த புள்ள.

அண்ணன் என்கூடப் பேசுறதில்ல. என்ன காரணம்னு கேட்டீங்கன்னா, நான் ஒண்ணும் செய்யல சார். அதுதான் விசயமே. நான் ஒண்ணுமே செய்யல.

நாங்க கிடைமாட்டுக்காரங்க. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கட்டுத்தறி கெடையாது, கொட்டகை கெடையாது, மூக்கணாங்கயிறு கூடக் கெடையாது. பகல்ல எங்க புல்லு இருக்கோ அங்க மேயும். ராத்திரிக்கு அறுப்பு முடிஞ்ச வயல்ல மொத்தமாப் படுக்கப் போடுவோம். சாணியும் மூத்தரமும் வயலுக்கு உரம், வயக்காரர் எங்களுக்கு நெல்லு அளப்பாரு. அதுதான் கிடை. மறுநாளு அடுத்த வயல். இப்பிடியே தை மாசம் கெளம்புனா தஞ்சாவூருப் பக்கம் வரைக்கும் போயி, கோடையில திரும்பி எங்க சீமைக்கு வந்து சேருவோம். நடுவுல யாரு நெலம் எவரு நெலம்னு நாங்க கேட்டதில்ல. மாடு போற தடத்துக்கு மாட்டுத்தடம்னே பேரு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக கூட அதுலதான் நடந்து போகும்.

பெறகு ஒவ்வொண்ணா அடைச்சாங்க. மொதல்ல பிளாட்டு. கலர் கலராக் கல்ல ஊண்டிட்டு ஒரு ஆர்ச்சு வச்சாங்க, அந்த ஆர்ச்சுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் ஒரு வீடு கெடையாது, ஆனா மாடு போகக் கூடாது. அப்புறம் காட்ட அடைச்சாங்க. அப்புறம் வயக்காரங்களே யூரியா போதும்னு சொல்லிட்டாங்க. சண்டை போட்டு யாரும் வெரட்டல. அதையும் சொல்லணும்ல. நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு.

எனக்கு முழங்காலு ஒத்துழைக்கல. புள்ள படிக்குது. கிடை போடுறவன் மகன்னா பொண்ணு குடுக்க மாட்டான், கிடை போடுறவன் மகள்னா ஒருத்தனும் கட்டிக்க வரமாட்டான். நான் நிக்கிறேன் அண்ணே, என் மாட்டையும் நீயே பாருன்னு சொன்னேன். அவரு சரின்னாரு. அவ்வளவுதான். கோவப்படல. ஆனா வீட்டுக்குத் திரும்பி நடந்து வர்றப்ப, தண்ணிக்கு இனி யாரு முன்னால போறதுன்னு மட்டும் கேட்டாரு. பழகிக்கிரும் அண்ணேன்னேன்.

அது என்னன்னா சார், அத்தன மாட்டையும் ஒரே நேரத்துல தண்ணியில விட முடியாது. முண்டியடிச்சு எறங்கிச் சேறாக்கிரும், கன்னுக்குட்டி மிதிபட்டுச் சாகும். அதுக்கு ஒரு மொறை இருக்கு. ஒருத்தன் முன்னாலயே போயிக் கரை மேல நின்னுக்கணும். அவன்தான் தண்ணி காட்டுற ஆளு. பின்னால ஒருத்தன் மந்தையப் பிடிச்சு நிறுத்தி நிறுத்தி விடுவான். கரையில அவன் நிக்கிற வரைக்கும் மாட்டுக்குத் தெரியும், தனக்குத் தண்ணி இருக்குன்னு. அதனால அவசரப்படாது. பின்னால நிக்கிற மாடு அவன் மொகத்தப் பாத்துக்கிட்டே பொறுமையா நிக்கும். கடைசிக் கன்னு குடிச்சு முடிச்ச பெறகு அவன் கரைய விட்டு எறங்கி நடப்பான். அவன் நடந்தா முடிஞ்சுச்சுன்னு அர்த்தம், மந்தை தானாத் திரும்பிரும். கம்பு வேணாம், சத்தம் வேணாம். எங்க கிடையில அந்த ஆளு நான்தான். மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து நான்தான். அண்ணன் பின்னால, நான் கரையில.

என்ன நின்னுட்டான்? ஏதோ சேவுக்கடைக்காரன் எறங்குறானாக்கும். போகட்டும்.

சோலார் கம்பெனி வந்துச்சு. எங்க ஊருக்குத் தெக்க பண்ணையார் வகையறா நெலம், அம்புட்டும் கருவேலங்காடு. நாங்க கோடைக்கு வந்து சேர்ற எடம் அதுதான். அதுக்குள்ள ஒரு குட்டை உண்டு, செங்குட்டைன்னு சொல்லுவோம். சுத்துப்பட்டுல எல்லாக் கம்மாயும் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கையில அதுல மட்டும் தண்ணி கெடக்கும். பட்டா எடம்தான், ஆனா பண்ணையார் ஒருநாளும் தடுத்ததில்ல. அவரு பேரன்மாரு மெட்ராசுல இருந்துக்கிட்டு அம்புட்டையும் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. காட்ட அழிச்சுத் தகடா மாட்டுனாங்க. கண்ணாடித் தகடு சார், சாச்சு வச்சிருப்பாங்க. தூரத்துல இருந்து பாத்தா கம்மாய் நெறஞ்சு கெடக்கிற மாதிரியே இருக்கும்.

அதுலதான் எனக்கு வேலை. யூனிபாரம் குடுத்தாங்க, விசில் குடுத்தாங்க. பேன் போட்ட ரூம்பு. மாசம் பொறந்தாச் சம்பளம். நாகஜோதிய நர்சிங் படிக்க வச்சது அதுலதான். குத்தம் சொல்லக் கூடாது.

வேலி போடுறப்ப அந்த இன்ஜினியருப் பையன் என்னத்தான் கேட்டான். மேக்க ஒத்தையடிப் பாதைக்கு ஒரு சந்து விட்டு அடிக்கிறதாத்தான் அவன் பிளானு. நான் சொன்னேன், சார், அது மாட்டுத்தடம், சந்து விட்டீங்கன்னா அதுவழியா மாடு உள்ள வந்து தகட்ட ஒடைச்சுப்புடும்னு. அவனுக்கு எப்பிடித் தெரியும் பாவம், கோயமுத்தூர்க்காரன். உடனே அடைச்சுட்டான். நீங்க இல்லைன்னா பெரிய நட்டமாயிருக்கும்னு சொல்லி எனக்குக் கைகுடுத்தான். இத்தன வருசத்துல எனக்குக் கைகுடுத்த மொத ஆபீசரு அவன்தான்.

அண்ணன் அப்ப கும்பகோணத்துப் பக்கம் கிடையில இருந்தாரு. போன் பேசுவாரு. எந்த மாடு ஈண்டுச்சு, காளையா கெடேரியா, நாகஜோதி எப்பிடி இருக்கா, இப்பிடித்தான் பேசிக்குவோம். வேலியப் பத்திப் பேச்சு வரல. நான் மறைச்சேன்னு அவரு நெனைக்கிறாரு போல. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, ஊருக்கே தெரியும். பேச்சு வந்தாச் சொல்லியிருப்பேன்.

சித்திரை கடைசி. கத்திரி வெயிலு. காலையில அப்பத்தான் டூட்டி மாத்திக்கிட்டு கேட்டுல வந்து நிக்கிறேன், மேக்க தூசி தெரியுது. நமக்கு அந்தத் தூசி தெரியாதா? மந்தைத் தூசி. முன்னால கூழைவாலு. கூழைவாலுங்கிறது எங்க தாய்ப்பசு சார், கன்னுக்குட்டியா இருக்கையில வால நரி கடிச்சிருச்சு. அதுதான் மந்தைக்கு முன்னோடி. அது நடந்தா அம்புட்டும் பின்னால நடக்கும். வேகமா வருதுக. தண்ணி வாடை அடிச்சிருச்சு. முந்துன நாளும் வழியில எங்கயும் தண்ணி இல்லையாம், அது எனக்கு அப்பறந்தான் தெரியும்.

நேரா தடத்துலயே வந்துச்சு. தடத்துல வேலி. அப்பிடியே வேலியோரமா உரசிக்கிட்டே கெழக்க நடந்து கேட்டுக்கு வந்துருச்சு கூழைவாலு. கேட்டுக்கும் குட்டைக்கும் நடுவுல நான் நிக்கிறேன். கேட்டு இருக்கிற எடமே குட்டைக் கரைதான் சார், மேடு பாத்துக் கேட்டப் போட்டுருக்காங்க. என்னப் பாத்துச்சு. பாத்துட்டு நின்னுருச்சு. பின்னால வந்ததும் நின்னுருச்சுக. கத்தும்னு நெனைப்பீங்க, கத்தல. முண்டல. எப்பவும் தண்ணிக்கு நிக்கிற மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு.

அண்ணன் பின்னால இருந்து வந்தாரு. ஆளு காஞ்சு போயிருந்தாரு. வேலியப் பாத்தாரு, தகட்டப் பாத்தாரு, என் யூனிபாரத்தப் பாத்தாரு. தொப்பிய எடுத்துட்டுப் பேசியிருக்கலாம், அது அப்ப எனக்குத் தோணல.

"எப்பப் போட்டாங்க?"ன்னாரு.

"பங்குனியில அண்ணே."

"சாவி?"

"இருக்கு. ஆனா பெர்மிசன் வேணும். போன் போடுறேன் இரு."

போன் போட்டேன் சார். போடாம இல்ல. சூப்பர்வைசரு எடுக்கல. ராத்திரி டூட்டிக்கு இருந்த வாட்ச்மேன, கேட்டத் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போனான்னு வேலைய விட்டுத் தூக்குனாங்க. கேட்டு மேல கேமரா இருக்கு. அது எந்நேரமும் என்னத்தான் பாக்குது. அங்க சென்னையில உக்காந்து ஒருத்தன் பாத்துக்கிட்டே இருப்பானாம், ஆளு எடத்துல இல்லைன்னா உடனே போன் வரும். நான் என்ன செய்ய? என் சாவின்னா தொறந்திருப்பேன். கம்பெனி சாவி.

அப்ப பாத்துத் தகடு கழுவுறவங்க வந்துட்டாங்க. செங்குட்டையில மோட்டாரப் போட்டு ஓஸ்ல தண்ணியப் பீச்சி ஒவ்வொரு தகடாக் கழுவுவாங்க. தூசி இருந்தாக் கரண்டு வராது சார். தண்ணி தகட்டுல விழுந்து மண்ணுல ஓடுது. மாடு அம்புட்டும் அந்தப் பக்கம் காதத் திருப்புச்சு. மறுபடி என்னப் பாத்துச்சு. செவலைக் கெடேரி ஒண்ணு நெறமாசம், அது கம்பிய நக்க ஆரம்பிச்சிருச்சு. முள்ளுக்கம்பி. நக்காத நக்காதன்னு சொன்னேன். கழுவுறவங்கள்ள ஒருத்தன் ஓஸ வேலிப் பக்கம் திருப்பலாமான்னு கேட்டான். வேணாம்ப்பா, உன் வேலைய நீ பாருன்னுட்டேன். அவனுக்கும் புள்ள குட்டி இருக்குல்ல.

வெயில் ஏறிருச்சு. தகட்டுல பட்டு அடிக்கிற வெயில் வேற, அது தனி. கன்னுக ஒண்ணொண்ணாப் படுக்குது. அண்ணன் மந்தையத் திருப்பப் பாத்தாரு. வடக்க ரோட்டத் தாண்டிப் போனா ஒரு கல்குவாரிப் பள்ளத்துல தண்ணி இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஹோய் ஹோய்னு கொரல் குடுக்கிறாரு. ஒண்ணும் நகரல. கூழைவாலு கழுத்தப் புடிச்சுத் திருப்புனாரு. திரும்புச்சு, ரெண்டு எட்டு வச்சுச்சு, மறுபடி என்னப் பாக்கத் திரும்பிருச்சு.

அண்ணன் கம்பி கிட்ட வந்தாரு. மெதுவாத்தான் பேசுனாரு சார். அவரு கொரலு எப்பவும் மெதுதான்.

"சாத்தையா. தொறக்க வேணாம். நீ அங்க இருந்து போயிரு."

எனக்கு மொதல்ல புரியல. எங்க போகன்னேன்.

"அந்த ரூம்புக்குப் பின்னால போ. நீ நிக்கிறத பாத்துத்தான் அதுக நிக்குதுக. நீ எறங்கி நடந்தீன்னா எல்லாம் வந்துரும். நான் ஓட்டிக்கிட்டுப் போயிக்கிறேன்."

"டூட்டி அண்ணே"ன்னேன்.

"பத்து எட்டு வையி போதும்."

"கேமரா இருக்கு அண்ணே"ன்னு கைய நீட்டிக் காட்டுனேன். அவரு கேமராவப் பாத்தாரு. அதுல ஒரு சின்னச் செவப்பு வெளக்கு எரியும். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு, ஏதோ ஆளப் பாக்குற மாதிரி. அதுக்குப் பெறகு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல.

நான் சொல்றது நெசம் சார், அந்த நேரம் எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகை வரல, கோவம் வரல. கண்ணு பாட்டுக்குப் பாத்துச்சு. காலு பாட்டுக்கு நின்னுச்சு. பேன் ஓடுற சத்தம் ரூம்புக்குள்ள இருந்து கேட்டுச்சு. இன்னைக்கும் கண்ண மூடுனா அந்தப் பேன் சத்தந்தான் கேக்குது, மாடு வர்றதில்ல.

உச்சிக்கு மேல கூழைவாலு படுத்துச்சு. முன்னங்கால மடக்கிக் கேட்டு ஓரமா, மொகத்த என் பக்கம் வச்சுத்தான் படுத்துச்சு. வயசு ஆயிருச்சுல்ல அதுக்கும். நான் நின்ன எடத்துக்கும் அதுக்கும் நடுவுல அந்தக் கம்பிதான். எந்திரி எந்திரின்னேன். எந்திரிக்கல. அண்ணன் அது தலையத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு கொஞ்ச நேரம். அவரு கிட்ட குடிக்க வச்சிருந்த பாட்டில்ல மிச்சம் இருந்தத அது வாயில ஊத்துனாரு. வழிஞ்சு வெளிய வந்துருச்சு.

இப்பச் சொல்றேன் கேளுங்க, எனக்குப் பொறுக்காதது எதுன்னா இதுதான். அண்ணன் எந்திரிச்சாரு. ஒரு கருவேலங்கம்ப ஒடிச்சாரு, முள்ளோட. அடிச்சாரு சார். மாட்ட அடிச்சாரு. எங்க கிடையில மாட்ட அடிச்சதே கெடையாது. எங்கப்பா ஒரு தடவ நான் கன்னுக்குட்டிய ஒதைச்சேன்னு என்னப் பட்டினி போட்டாரு. அப்பேர்ப்பட்ட குடும்பம். அண்ணன் மூஞ்சி மொகம் பாக்காம அடிக்கிறாரு. நெறமாசக் கெடேரிய அடிக்கிறாரு. ஒவ்வொரு மாடாத் திருப்பித் திருப்பி அடிச்சு, என்னப் பாக்க விடாம அடிச்சு, வடக்க ஓட்டுனாரு. அதுக திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சுக. நான் கூப்பாடு போட்டேன், அடிக்காத அண்ணே, வாயில்லாச் சீவன் அண்ணே, பாவம் பிடிக்கும் அண்ணேன்னு. காதுல வாங்கல.

ஒரு மனுசன் பெத்த புள்ள மாதிரி வளத்த மாட்ட அப்பிடி அடிக்கலாமா? நீங்களே சொல்லுங்க. ஊருல ஒருத்தரும் அதப் பேச மாட்டேங்கிறாங்க. என்னத்தான் ஒரு மாதிரி பாக்குறாங்க.

சாயங்காலம் சூப்பர்வைசரு பைக்குல வந்தான். கேட்டோரம் கூழைவாலு கெடந்துச்சுல்ல, என்ன இதுன்னான். சொன்னேன். அவன் என்ன சொல்றான் தெரியுமா? "அட, பத்துப் பத்தா உள்ள விட்டுக் குடிக்க வச்சு அனுப்பியிருக்கலாமேண்ணா, நம்ம தண்ணி என்ன கொறஞ்சா போயிரும்"ங்கிறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான். நல்ல பையன்தான், மனசுல ஒண்ணும் கெடையாது. அதப் போன எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல? கேமராவப் பத்திக் கேட்டேன். அது ஒருவாரமா ஒர்க் ஆகலண்ணா, வெளக்கு மட்டுந்தான் எரியுதுன்னான். ஆள் வரச் சொல்லியிருக்காங்களாம். எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல.

ஜேசிபி வச்சு கூழைவாலப் பொதைச்சோம். கம்பெனி செலவு. அதையும் சொல்லணும்ல.

ரோட்டத் தாண்டுறப்ப லாரியில ஒண்ணு அடிபட்டுச்சு, குவாரிப் பள்ளத்துல எறங்கி ஏற முடியாம ரெண்டோ மூணோ. அந்தக் கெடேரி வழியிலயே கன்னு போட்டு, கன்னு நிக்கலன்னு சொன்னாங்க. ஆடி மாசம் அண்ணன் மொத்தத்தையும் குடுத்துட்டாரு. வண்டி வந்து நின்னு ஏத்திட்டுப் போச்சு. எங்க போற வண்டின்னு உங்களுக்கே தெரியும், கறவைக்கு ஆகாத மாட்ட எவன் வளக்க வாங்குறான். என் மாடும் அதுலதான் போச்சு. என்ன ஒரு வார்த்த கேக்கல. அதையும் நான் பெருசா எடுத்துக்கல. வண்டி ஏத்துற அன்னைக்கு எனக்கு டூட்டி.

பஞ்சவர்ணம் ஒரே ஒரு தடவ கேட்டா. சோறு போட்டுக்கிட்டே கேட்டா. "ஒனக்குக் காலு இல்லியா, அங்கிட்டு நாலு எட்டு நடக்குறதுக்கு?"ன்னா. பொம்பளைக்கு டூட்டின்னா என்ன தெரியும்? நின்ன எடத்துல நிக்கிறதுதான் டூட்டி. அத அவகிட்ட வெளக்கிச் சொல்லலாம்னு பாத்தேன், அவ எந்திரிச்சுப் போயிட்டா. நான் இப்பவும் அங்கதான் வேலை பாக்குறேன். ஒருநா லீவு போட்டதில்ல. மக கல்யாணத்துக்குத்தான் இப்பக் கேட்டிருக்கேன்.

இந்த வரிச்சியூர்ல நல்லா வடை போடுவாங்க சார். வேணாமா? சரி.

அண்ணன் இப்ப மகன் வீட்டுல இருக்காரு. மகன் ஆட்டோ ஓட்டுறான். வாடகை வீடு, ஆனா நல்ல வீடு. முன்னால கொஞ்சம் சிமிண்டுத்தரை, அதுல ஒரு பிளாஸ்டிக் சேரு, அப்புறம் கேட்டு. இரும்புக் கேட்டு. போன வாரம் பத்திரிகையக் குடுத்துட்டு வரலாம்னு போனேன். பத்து மணி இருக்கும். அண்ணன் அந்தச் சேர்ல உக்காந்திருந்தாரு. கேட்டு பூட்டியிருக்கு. அண்ணேன்னு கூப்புட்டேன். பாத்தாரு.

கோவமாப் பாக்கல. அத எப்பிடிச் சொல்ல. வேப்ப மரத்தப் பாக்குற மாதிரி பாத்தாரு. நாகஜோதிக்குக் கல்யாணம் அண்ணே, நீதான் வந்து கால் ஊண்டணும், மாப்பிள வீட்டுல ஒன்னத்தான் கேக்குறாங்கன்னு எல்லாத்தையும் சொன்னேன். பத்திரிகைய உசத்திப் புடிச்சுக் காட்டுனேன். எந்திரிக்கல. திட்டுனாலாவது திட்டுறாருன்னு இருக்கும்.

மதினி வெளிய வந்தாங்க. என்னப் பாத்து அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாவி அவரு இடுப்புல இருக்கு தம்பி, நான் என்ன செய்யன்னாங்க. உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து கம்பி வழியா நீட்டுனாங்க. அண்ணன் அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு, குடுக்காதன்னு சொல்லல. குடிச்சேன். நல்ல வெயிலு அன்னைக்கு.

அப்புறம் மதினி சொன்னாங்க, இன்னைக்கு ஆகாது, போயிட்டு இன்னொரு நாளைக்கு வாங்க தம்பின்னு. சரிங்க மதினின்னேன். சொன்னேனே ஒழிய காலு வரல. எதுக்க பெட்டிக்கடைக்காரன் கூட வந்து கேட்டான், யாரு நீங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க, நெழல்ல வந்து உக்காருங்கன்னு. போகல. சாயங்காலம் அண்ணன் மகன் ஆட்டோவக் கொண்டாந்து, சித்தப்பா ஏறுங்கன்னு சொல்லிக் கையப் புடிச்சு இழுத்து ஏத்தி, பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து விட்டான். அம்புட்டு நேரமும் நான் நின்னேன், அவரு உக்காந்திருந்தாரு. வழியில அந்தப் பய, ஏன் சித்தப்பா இப்பிடி, அவரு வரமாட்டாருன்னு தெரியுதுல்ல, நீங்க பாட்டுக்குக் கெளம்பிப் போயிருக்க வேண்டியதுதானங்கிறான். அவனுக்கு என்ன தெரியும், சின்னப்பய.

எந்திரிச்சு உள்ள போயிருந்தாருன்னா நானும் வந்திருப்பேன் சார். ஒரு நாலு எட்டு வச்சு வீட்டுக்குள்ள போயிருந்தாருன்னா, சரி, இன்னைக்கு இல்லைன்னு திரும்பியிருப்பேன். கண்ணு முன்னாலயே உக்காந்திருக்காரு. என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. அப்பிடி இருக்கிற ஆள விட்டுட்டு எப்பிடி சார் போறது?

கருப்பாயூரணி வந்துருச்சு. கொஞ்சம் கால ஒதுக்கிக்கங்க.